ஏழிசை மன்னர்: வதந்தியும் வாய்மையும்

கலைஞன் ஒருவனுக்கு இரண்டு வாழ்வுகள் உண்டு. தான் வாழ்ந்து முடித்த வாழ்வு ஒன்று. அவன் மறைந்த பின்னர் ஊரார் நாவிலே தொடர்ந்து வாழும் வாழ்வு மற்றொன்று. முன்னதற்கு அவனே பொறுப்பாளி. பின்னதற்குப் பொறுப்பாளிகள் நாம். அந்தப் பொறுப்பை நாம் எவ்வளவு அசட்டையாக வகித்து வருகிறோம் என்பதை எனக்கு உணர்த்தியவள், நம் ஜனக்புரியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி.

சென்ற ஆண்டு விழாவுக்கான நிகழ்ச்சிகளை முடிவு செய்வதற்காக அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடியிருந்தோம். காபி வந்தது. வீட்டுக்குரியவர் பழைய பாடல்களை ஒலிக்கச் செய்தார். எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல் எழுந்ததும் பெரியவர்கள் அனைவரும் பேச்சை நிறுத்தினோம். அவ்வேளையில் அவ்வீட்டுப் பேத்தி தன் தாத்தாவின் அருகில் வந்து, கொலை செய்துவிட்டுச் சிறை சென்ற நடிகர் இவர்தாமா என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு நால்வர் விடை கூறினோம். நால்வரும் நான்கு விதமாகக் கூறினோம். கொலை செய்தது உண்மையே, சிறையிலேயே அவர் காலமானார் என்றார் ஒருவர். நாடு சுதந்திரம் அடைந்தபோது பொதுமன்னிப்பில் வெளியே வந்தார் என்றார் இன்னொருவர். வெளியே வந்தபின் குரல் போய்விட்டது, அதன்பிறகு ஒரு படத்திலும் நடிக்கவில்லை என்றார் மூன்றாமவர். கையேந்தி யாசித்து, கேட்பாரற்று மாண்டார் என்றார் நான்காமவர். சிறுமி எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பொதுமன்னிப்பு என்று கூறியவன் அடியேன்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் அது மனத்தை உறுத்தியது. தாய்நாட்டுப் பிள்ளைகள் என்றேனும் ஒரு பழைய தமிழ் ஏட்டைப் புரட்டி உண்மையைக் கண்டுகொள்வர். தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நாம் வாயால் சொல்வதே அவர்களுக்கு வரலாறு. அதில் பிழை புகுந்தால் திருத்துவார் எவருமில்லை. ஆகவே அன்று கூறிய நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தேன். நான்கும் பிழை. அதை ஒப்புக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாயவரத்துச் சிறுவன்

பாகவதர் என்பது குடும்பப் பெயரன்று. இசைவாணர்க்கு வழங்கும் சிறப்புப் பெயர். தியாகராஜன் என்பதே அவரது இயற்பெயர். மாயவரத்தில் 1910-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணசாமி ஆச்சாரி பொற்கொல்லர். பிழைப்பை நாடிக் குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அந்த நிலை அறியாததன்று.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை, பாட்டிலேதான் நாட்டம். ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எப். ஜி. நடேச அய்யர் அச்சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் அளித்தார். பிறகு மதுரை பொன்னு அய்யங்காரிடமும் ஆலத்தூர் வேங்கடேச அய்யரிடமும் முறையாகச் சங்கீதம் பயின்றார். அவர் பெயருக்குப் பின்னால் வந்த பட்டம் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு இப்பயிற்சியே சான்று.

மேடையில் எஸ். டி. சுப்புலட்சுமியுடன் அவர் நடித்த பவளக்கொடி நாடகம் பெரும் புகழ் எய்தியது. கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் அதுவே 1934-இல் பேசும்படமாயிற்று. பாகவதர் அர்ச்சுனன் வேடம் தாங்கினார். தமிழ்ப் பேசும்படம் தோன்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நடிப்பவரே பாட வேண்டும். பாடத் தெரியாதவருக்குக் கதாநாயக வேடம் எட்டாக் கனி. அக்காலத்துக்கென்றே பிறந்தவர்போல் வந்து சேர்ந்தார் பாகவதர்.

புகழின் உச்சி

1937-இல் வெளிவந்த 'சிந்தாமணி' ஓடிய ஓட்டத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு மதுரையில் எழுப்பப்பட்ட கொட்டகைக்குச் சிந்தாமணி என்றே பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' வந்தது. 1939-இல் 'திருநீலகண்டர்', 1941-இல் 'அசோக்குமார்', 1943-இல் 'சிவகவி' என்று வெற்றிகள் தொடர்ந்தன. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்கள் இவர் குரலிலே தெருவெங்கும் ஒலித்தன. இசைத்தட்டுப் பெட்டி இல்லாத வீட்டாரும் அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார்கள்.

அவர் தங்கத் தட்டில் உணவருந்தினார், அவர் சிகையலங்காரத்தைப் பார்த்து ஊரிலுள்ள இளைஞரெல்லாம் முடி வளர்த்தனர் என்றெல்லாம் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இவையெல்லாம் அன்பு மிகுதியால் ரசிகர்கள் பூட்டிய அணிகலன்கள், யாருக்கும் தீங்கில்லை, விட்டுவிடலாம். ஒருவனுடைய நல்ல பெயரைத் தின்னும் பேச்சுகளே ஆராயத்தக்கவை.

1944-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், தீபாவளியன்று, 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. சென்னை பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதர் சிறை சென்றதால் எழுந்த இரக்கமே படத்தை ஓட்டியது என்று சொல்வோர் உளர். தேதியைப் பாருங்கள். படம் வெளியானபோது கொலையும் இல்லை, வழக்கும் இல்லை. வெளியான அன்று மக்களை ஈர்த்தது பாகவதரின் பாட்டேயன்றி அவர்மேல் பிறந்த பரிதாபம் அன்று. பின்னர் அவர் சிறையிலிருந்த காலத்திலும் அப்படம் ஓடிக்கொண்டிருந்தது; கதாநாயகன் கொட்டகையில் பாடிக்கொண்டிருக்க, அவனாக நடித்தவர் சிறைக்கொட்டடியில் இருந்தார்.

வதந்தியை விற்றவன்

இனி அந்தத் துயரக் கதைக்கு வருவோம். லட்சுமிகாந்தன் என்பவர் 1943-இல் 'சினிமா தூது' என்ற ஏட்டைத் தொடங்கினார். திரையுலகினரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய வம்புகளே அதன் சரக்கு. தம்மைப் பற்றி எழுதாதிருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்பார்கள். போர்க்காலமாகையால் பத்திரிகை நடத்த அரசாங்க அனுமதி வேண்டும். பாகவதரும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப் அவர்களிடம் மனுக் கொடுத்தனர், அனுமதி ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. 'இந்து நேசன்' என்ற ஏட்டைக் கைக்கொண்டு முன்போலவே எழுதலானார்.

1944 நவம்பர் 8-ஆம் நாள், சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவர் எழுதியது எத்தகையதாயினும் அவரைக் கொன்றது கொடுமையே. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அக்கொலைக்குக் காரணர் யார் என்ற கேள்விக்கு, விசாரணை தொடங்குமுன்பே ஊர் விடை எழுதிவிட்டது. மனுக் கொடுத்த மூவர்மேலும் கண் விழுந்தது. டிசம்பர் இறுதிக்குள் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகவதர் கத்தியெடுத்துக் குத்தினார் என்று அரசாங்கத் தரப்பே ஒருபோதும் கூறவில்லை. கொலைச் சதியில் பங்கு கொண்டார் என்பதே குற்றச்சாட்டு. கொலை செய்த நடிகர் என்று நாம் போகிறபோக்கில் சொல்வது, அவரைச் சிறைக்கு அனுப்பியவர்களே சொல்லத் துணியாத ஒன்று.

தீர்ப்பும் மறுதீர்ப்பும்

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் அவர்கள் முன்னிலையில், ஜூரிகளின் துணையோடு நடந்தது. ஜூரிகள் ஒன்பதுபேர். அவர்களுள் அறுவர் குற்றவாளி என்றனர். மூவர் அல்லர் என்றனர். 1945 மே 3-ஆம் நாள் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. நாயுடு விடுவிக்கப்பட்டார். தமிழ்நாடே திடுக்கிட்டது.

உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு 1945-லேயே தள்ளுபடியாயிற்று. அடுத்த படி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அந்நாளில் இந்தியர்க்கு அதுவே இறுதி நீதிமன்றம். பிரிவி கவுன்சில் பாகவதரை விடுதலை செய்தது என்று சொல்வோர் பலர். அதுவும் சரியன்று. மேல்முறையீட்டை மறுபடியும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று சென்னைக்கே வழக்கைத் திருப்பியனுப்பியது. அவ்வாறே மீண்டும் விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், சாட்சியங்களை நம்பத்தகாதன எனக் கண்டு, 1947 ஏப்ரல் 25-ஆம் நாள் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்தது.

இப்பொழுது அடியேன் கூறிய விடையை இத்தேதியின் அருகே வையுங்கள். நாடு சுதந்திரம் பெற்றது 1947 ஆகஸ்ட் 15. பாகவதர் வெளிவந்தது அதற்கு ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு முன்னர். பொதுமன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இது வெறும் தேதிக் கணக்கு அன்று, மானக் கணக்கு. மன்னிப்புப் பெற்றவன் குற்றவாளியாகவே நிற்கிறான். தண்டனை மட்டுமே போயிற்று. விடுதலை பெற்றவனிடத்தில் குற்றமே ஒட்டவில்லை. தெரியாமல் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னேன். அந்த ஒரு சொல்லால், நீதிமன்றம் துடைத்துவிட்ட கறையை மீண்டும் அவர்மேல் பூசிவிட்டேன்.

'அசோக்குமார்' படத்திலே அவர் தாங்கிய வேடம் குணாளன். மாற்றாந்தாய் சுமத்திய பொய்ப்பழியால் கண்ணிழந்த இளவரசன் அவன். நடித்த வேடமே வினையாக வந்து விளைந்தது என்று பெரியோர் சிலர் கூறுவதுண்டு. வேடம் வினையாவதில்லை. அரச சபையில் கேட்ட ஒரு சொல்லை ஆராயாமல் நம்பியதால் குணாளன் கண்ணிழந்தான். ஆராயாமல் நம்பும் அவ்வழக்கம் அரச சபைகளோடு போகவில்லை. அந்தப் படத்துக்கும் அவர் வாழ்வுக்கும் உள்ள ஒற்றுமை அவ்வளவே.

விடுதலைக்குப் பின்

சிறையில் கழிந்தவை இரண்டேகால் ஆண்டுகளுக்கு மேல். ஒப்பந்தமான படங்கள் கைநழுவின. அவருக்கென எண்ணியிருந்த உதயணன் வேடத்தை ஜி. என். பாலசுப்பிரமணியம் ஏற்று நடிக்க, அப்படம் 1947-இல் வெளிவந்தது. இழப்பு பெரிதே. ஆயினும் அவர் முடங்கிவிடவில்லை. புனாவுக்குச் சென்று 'ராஜமுக்தி' என்ற படத்தைச் சொந்தமாகத் தயாரித்தார். அது 1948-இல் வந்தது. எழுத்தாளர் புதுமைப்பித்தன் அதற்காகப் பணியாற்றினார், எம். ஜி. ராமச்சந்திரனும் அதில் நடித்தார். படம் வெற்றி பெறவில்லை. 1952-இல் 'அமரகவி', 'சியாமளா' என இரு படங்கள். 1957-இல் அவரே இயக்கிய 'புதுவாழ்வு'. அவர் நடித்த படங்கள் மொத்தம் 14. அவற்றுள் ஒன்பது சிறைக்கு முந்தியவை, ஐந்து பிந்தியவை. பின்னவற்றிலும் அவர் சொந்தக் குரலிலேயே பாடினார். கச்சேரி மேடைகளிலும் பாடினார். ஆகவே குரல் போய்விட்டது, நடிக்கவேயில்லை என்ற மூன்றாவது விடையும் விழுந்துவிட்டது.

அப்படியானால் பிந்திய படங்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். சிறையே காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் அவருடன் அதே வழக்கில் அதே தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையான கலைவாணரைப் பாருங்கள். 1949-இல் 'நல்லதம்பி', 1951-இல் 'மணமகள்' என்று அவர் முன்னிலும் ஓங்கி நின்றார். மக்கள் சிறைவாசத்தை ஒரு குறையாகக் கருதியிருந்தால் இருவரையுமே ஒதுக்கியிருக்க வேண்டும்.

மெய்யான காரணம் காலமாற்றம். 1949-இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. 1952-இல் மு. கருணாநிதியின் வசனத்தோடு சிவாஜி கணேசன் 'பராசக்தி'யில் தோன்றினார். கொட்டகைக்குப் பாட்டுக் கேட்கச் சென்ற மக்கள் வசனம் கேட்கச் செல்லலாயினர். பின்னணி பாடும் முறை பரவியபின், பாடத் தெரியாதவரும் கதாநாயகராகலாம் என்றாயிற்று. பாகவதரோடு இணைத்துப் பேசப்பட்ட பி. யு. சின்னப்பாவும் 1951-இல் மறைந்தார். பாடும் நடிகர்களின் யுகமே முடிந்துகொண்டிருந்தது. சிறை பாகவதரின் சிறந்த ஆண்டுகளைத் தின்றது மெய். அவர் திரும்பி வந்தபோது அவரை உயர்த்திய காலமே நகரத் தொடங்கியிருந்தது என்பது அதனினும் பெரிய மெய்.

நான்காவது விடை எஞ்சியுள்ளது. பெருஞ்செல்வம் குறைந்ததும், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடலை வாட்டியதும் உண்மை. ஆயினும் அவர் கடைசிவரை தம் தொழிலைச் செய்தவர். அவர் நடித்த 'சிவகாமி' அவர் மறைந்தபின் 1960-இல் வெளியாயிற்று. படத்திலே நடித்துக்கொண்டும் மேடையிலே பாடிக்கொண்டும் இருந்தவரை யாசகர் ஆக்கியது, கதை கேட்போரின் சோகச் சுவையே. பெரியவர்கள் வீழ்ந்தால் அதலபாதாளத்துக்கே வீழவேண்டும் என்று நம் மனம் விரும்புகிறது. பாதி வழியில் நின்று கௌரவமாக உழைத்தார் என்றால் கதையில் சுவை குன்றிவிடுகிறது.

1959-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சென்னைப் பொது மருத்துவமனையில் பாகவதர் காலமானார். வயது 49. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லட்சுமிகாந்தன் உயிர் நீத்ததும் அதே மருத்துவமனையில்தான். விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவரைச் சிறையிலேயே இறந்தார் என்ற முதல் விடையை இனியும் மறுக்க வேண்டியதில்லை. அவர் உடல் திருச்சிக்கே திரும்பியது. அவ்வூர் மண்ணிலேயே உறங்குகிறார்.

நாம் செய்யத்தக்கது

இவ்வளவையும் எழுதியபின் ஓர் எண்ணம் எழுகிறது. லட்சுமிகாந்தன் அச்சிட்டு விற்றதை நாம் வாயால் இலவசமாக வழங்குகிறோம். அவருக்காவது அது பிழைப்பாக இருந்தது. நமக்கோ மாலைப் பொழுதுபோக்கு. பூங்காவில் நடக்கையிலும், காய்கறி வண்டியைச் சுற்றி நிற்கையிலும் நாம் பேசுவது நடிகரைப் பற்றி மட்டுமா? வேலையிழந்த அண்டைவீட்டுக்காரர், மணமுறிந்து பிறந்தகம் வந்த பெண், வழக்கில் சிக்கிய இளைஞன் இவர்களைப் பற்றியும் அல்லவா? பாகவதருக்கு உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, தேதிகள் இருக்கின்றன. எத்தனை ஆண்டு கழித்தும் ஒருவர் எடுத்துக் காட்டலாம். நம் காலனியில் வாழும் சாதாரண மனிதருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். எவரைப் பற்றியேனும் ஒரு பேச்சு காதில் விழுந்தால், எப்போது நடந்தது என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். தேதியின் முன் நிற்கமாட்டாத வதந்திகளே பெரும்பாலானவை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அந்த அன்பர் இல்லத்துக்குச் சென்றேன். அன்று விடை கூறிய மற்ற மூவரையும் அழைத்திருந்தேன். பேத்தியை அமர்த்தி, அவள் தாத்தா இவற்றையெல்லாம் நிதானமாக எடுத்துரைத்தார். அன்று நாங்கள் சொன்னது தவறு என்பதையும் சேர்த்தே கூறினார். தாத்தாவும் தவறு செய்வார் என்பது அவளுக்கு வியப்பாக இருந்ததுபோலும். சற்று நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பாட்டை மறுபடியும் போடும்படி கேட்டாள்.

போட்டோம். இம்முறை அவள் ஒரு கொலைகாரனின் குரலைக் கேட்கவில்லை. மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, தமிழ்நாட்டை மயக்கிய ஒரு நல்ல பாடகரின் குரலைக் கேட்டாள். அவருக்கு நாம் பட்டிருந்த கடனில் ஒரு சிறு பகுதி அன்று தீர்ந்தது.